மெட்டுப் போட்டவரும் நடக்க வைத்தவரும்: கேப்டன் ராம் சிங் பற்றி ஒரு குறிப்பு

ஆகஸ்ட் வந்தால் என் போனுக்கு அந்தச் செய்தியும் வந்துவிடும். இந்த வருஷம் மூன்று வாட்ஸப் குழுக்களில் வந்தது. தொப்பி வைத்த ஒரு முதியவர் வயலினோடு இருக்கும் பழைய படம். கீழே ஏழெட்டு வரி: நம் தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டவர் உண்மையில் இவர்தான், தாகூர் இல்லை, சரித்திரம் இவரை மறைத்துவிட்டது, பகிருங்கள். எங்கள் தெருக் குழுவில் நிறையப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் மட்டும் "இது தப்புங்க" என்று எழுதப் போக, "உனக்கென்ன கண்ணு அவர் மேல கோவம்?" என்று சித்தப்பா ஒருத்தர் கேட்டுவிட்டார்.

கோபமெல்லாம் இல்லை. அவர் மேல் மரியாதை கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு. அந்தச் செய்தி தப்பு என்பது பாதிக் குறைதான். அவர் செய்யாத ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டு, செய்ததைக் காணாமல் போக்குகிறது என்பது மீதிக் குறை. இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது. எடப்பாடியில் உட்கார்ந்துகொண்டு இதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்டால், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பின்னால் வரும்.

படத்தில் இருப்பவர் கேப்டன் ராம் சிங் தாக்கூரி. 1914 ஆகஸ்ட் 15-ல் பிறந்தவர். இமாசலத்தில் தர்மசாலாப் பக்கம் ஊர். நேபாள வழி வந்த கூர்க்கா குடும்பம். மலையை விட்டு மலை வந்து, பட்டாளத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களில் ஒன்று.

முதலில் மெட்டு விவகாரத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் குழப்பமே கிடையாது. ஜன கண மன 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸில் பாடப்பட்டது. அன்றைக்கு அது பிரம்ம சமாஜத்தார் பாடும் வழிபாட்டுப் பாட்டு வகை. 1919 பிப்ரவரியில் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்தார். அன்றைய சென்னை மாகாணத்து ஊர்தான் அது. அங்கே கல்லூரியில் இருந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் மேற்கத்திய முறையில் ஸ்வரக் குறிப்பு எழுதி வைத்தார். 1942 செப்டம்பர் 11-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இந்திய ஜெர்மானிய சங்கத் தொடக்க விழா. போஸ் இருக்க, ஆர்கெஸ்ட்ரா அதை வாசித்தது. அந்த நாளில் ராம் சிங் எங்கே இருந்தார்? ஹாம்பர்க்குக்குச் சம்பந்தமே இல்லாமல், ஜப்பானியர் பிடித்த சிங்கப்பூரில். மெட்டு அவருக்கு முன்னால் முப்பது வருஷமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் அவர் பெயர் இதில் எப்படி வந்தது? 1943-ல் சுதந்திர இந்திய தற்காலிக அரசாங்கத்துக்கு ஒரு கீதம் தேவைப்பட்டது. சமஸ்கிருதம் கலந்த வங்காளி எல்லோருக்கும் புரியாது என்று, ஜன கண மனவை ஒட்டி எளிய ஹிந்துஸ்தானியில் 'சுப் சுக் செய்ன்' என்று ஒரு பாட்டு எழுதினார்கள். வார்த்தைகளில் மும்தாஜ் ஹுசைனும் ஆபித் ஹசனும் கை வைத்தார்கள். அதை பேண்டுக்கு ஏற்றி, படை முழுக்கப் பாட வைக்கும் பொறுப்பு ராம் சிங்குடையது. போஸ் அவரிடம், இந்தப் பாட்டை வாசித்தால் இந்தக் கத்தே கட்டடம் இரண்டாகப் பிளந்து வானம் தெரிய வேண்டும் என்கிற மாதிரி கேட்டுக்கொண்டதாக ஒரு கதை உண்டு. கத்தே என்பது சிங்கப்பூரின் உயரமான சினிமாக் கட்டடம்; 1943 அக்டோபர் 21-ல் தற்காலிக அரசை போஸ் அறிவித்த இடமும் அதுதான்.

ஆக அவர் செய்தது பிறர் மெட்டை எடுத்துப் படைக்கு ஆக்கிய வேலை. இதை "வெறும்" என்று சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதனால்தான் அவரைப் பெரிய ஆளாகக் காட்ட நினைப்பவர்களுக்கு மெட்டையே அவருடையதாக ஆக்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய சங்கீதத்திலேயே இதற்கு ஒரு நல்ல பதில் கிடக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டுக்காரர்கள் வாசித்த வெள்ளைக்கார மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வர சாகித்யம் என்பார்கள். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டிலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார்கள் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்காக இங்கிலாந்து ராஜ கீதத்துக்கு மெட்டுப் போட்டவர் தீட்சிதர் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாததால் அவர் புகழ் ஒரு மாற்றும் குறையவில்லை. ராம் சிங்குக்கு மட்டும் ஏன் இந்தப் பொய்த் தூக்கல்?

எனக்குத் தோன்றுவது: பேண்டுக்காரன் என்ற சொல்லுக்கே நம்மிடம் மதிப்பில்லை. பாகவதர், வித்வான், இசையமைப்பாளர் என்று வரிசை வைத்திருக்கிறோம். சிவப்புக் கோட்டும் தோளில் மஞ்சள் குஞ்சமும் போட்டு, கல்யாண ஊர்வலத்தில் ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால் நடப்பவர் அந்த வரிசையிலேயே இல்லை. அந்தக் கோட்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கோட்டை பேண்டு, பட்டாள பேண்டு என்று இருநூறு வருஷம் பின்னால் போகும். தஞ்சாவூர் அரண்மனையில் பேண்டு இருந்தது. கிளாரினெட் நம் கச்சேரிக்குள் நுழைந்ததே அந்த வழியாகத்தான். சரி, இது வேறு பதிவுக்கான விஷயம். விட்டுவிடுகிறேன்.

ராம் சிங் பதின்ம வயதிலேயே முதலாம் கூர்க்கா ரைஃபிள்ஸின் இரண்டாம் பட்டாலியனில் சேர்ந்தவர். சிப்பாய் என்று சேர்த்து, கையில் வாத்தியத்தைக் கொடுத்து வளர்க்கும் 'பாய்' வேலை. வெள்ளைக்கார பேண்டு மாஸ்டர்களிடம் ஊதுகருவிகளும், பிறகு வயலினும் கற்றார். 1941-ல் அந்தப் பட்டாலியன் மலாயாவுக்குக் கப்பலேறியது. அங்கே அதற்கு என்ன ஆயிற்று என்பது யுத்த சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். 1941 டிசம்பர் 11, கெடா மாநிலத்தில் ஜித்ராவுக்கு முன்னால் ஆசுன் என்ற இடம். கொட்டும் மழை. ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு நேராக வந்தன. டாங்கியைக் கண்ணால் பார்த்திராத சிப்பாய்கள் அந்தப் பட்டாலியனில் நிறைய. அந்த ஒரே மாலையில் பட்டாலியன் சிதறிப்போனது. ஜனவரி 7-ல் சிலிம் ஆற்றங்கரையில் அந்தப் படைப்பிரிவே நொறுங்கியது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரண்.

பிப்ரவரி 17 அன்று ஃபாரர் பார்க்கில் இந்தியக் கைதிகளைத் தனியாகக் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஏறத்தாழ 45,000 பேர் என்பார்கள். ஐ.என்.ஏ. அந்த மைதானத்தில்தான் விதைபோட்டது. கூர்க்காக்களில் பெரும்பாலோர் சேரவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சேர்ந்த சிலரில் ராம் சிங் ஒருத்தர். சொந்தப் பட்டாலியன்காரர்களே ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். பஞ்சாபிகளும் பட்டாணியரும் தமிழரும் நிறைந்த படைக்குள் அவரும் வெளியாள்தான்.

1943 ஜூலை 2-ல் போஸ் சிங்கப்பூர் வந்தார். வரவேற்பில் ராம் சிங் பாட்டுப் பாடினார். போஸ் ஒரு வயலின் கொடுத்தார். அந்தப் படத்தில் இருக்கும் வயலின் கதை இதுதான். கடைசிவரை அவரோடு இருந்தது என்கிறார்கள்.

இனி பாட்டுக்கு வருகிறேன். அவர் பெயரில் நிற்க வேண்டிய பாட்டு தேசிய கீதம் அல்ல, 'கதம் கதம் படாயே ஜா'. வார்த்தை வம்சிதர் சுக்லாவுடையது என்பார்கள். மெட்டு ராம் சிங்குடையது. இன்றும் குடியரசு தின அணிவகுப்பில் ராணுவ பேண்டு வாசிக்கிறது. 1950-ல் 'சமாதி' படத்தில் சி. ராம்சந்திரா பயன்படுத்தினார். சினிமா வழியாகத்தான் பலருக்குத் தெரியும்.

இந்த மெட்டில் பெரிய சங்கீத விசேஷம் எதுவும் இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். ராகம் தேடி ஏமாந்திருப்பார். நான் வேறு இடத்தில் தேடினேன். முதல் அடியை அர்த்தம் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். க-தம், க-தம், ப-டா, ய-ஜா. 'யே' அங்கே எழுத்தில்தான் நெடில், பாட்டில் குறுகித்தான் ஒலிக்கும். நம்ம யாப்புக் கணக்கில் நான்கும் நிரையசை. ஒரு சின்ன எழுத்து, அடுத்து ஒரு கனமான எழுத்து. திரும்பவும் சின்னது, கனமானது. 'க' என்னும்போது கால் தூக்கியிருக்கிறது, 'தம்' என்னும்போது தரையில் விழுகிறது. அடுத்த 'தம்' அடுத்த கால். அடியின் எட்டு எழுத்துக்குள் நான்கு எட்டு வைத்துவிடுகிறோம். ராம் சிங் இதை மெட்டால் மறைக்கவில்லை. ஸ்வரங்களைக் காலடி மேலேயே உட்கார வைத்தார். தாண்டல் இல்லை, இழுப்பு இல்லை, மூச்சு வாங்குகிற இடத்தில் மெட்டே மூச்சு விடுகிறது. துப்பாக்கியும் மூட்டையும் சுமந்துகொண்டு, பயிற்சியே இல்லாத குரலில், வெயிலில் பாட வேண்டிய பாட்டு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. கூர்க்கா ரைஃபிள்ஸ் மாதிரியான ரைஃபிள் படைகள் சாதாரணப் படையைவிட வேகமாக நடப்பவை. மற்றவர்கள் நிமிஷத்துக்கு 120 எட்டு என்றால் இவர்கள் ஏறத்தாழ 140. அந்த நடையில் வளர்ந்த பேண்டுக்காரனுக்குக் கால் கணக்கு ரத்தத்தில் இருக்கும்.

இதைவிட முக்கியமானது, யார் பாடினார்கள் என்பது.

ஐ.என்.ஏ.வில் கைதிச் சிப்பாய்கள் ஒரு பாதி. இன்னொரு பாதி மலாயாவிலும் பர்மாவிலும் புதிதாகச் சேர்ந்த குடிஜனம். அந்தப் புதியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அதிலும் நிறையப் பேர் ரப்பர் தோட்டத்து ஆட்கள். சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் என்று கங்காணி கூட்டிப்போன ஜனம். 1938-ல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன்னால் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். யுத்தம் வந்ததும் ரப்பருக்கு விலையில்லை, அரிசியில்லை. ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தான். போனவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை. அந்த நிலைமையில் முகாமில் சேர்ந்தால் சோறு உண்டு, ரயிலுக்குப் போக வேண்டியதில்லை, 'டேய்' என்று கூப்பிட்ட துரையும் கிராணியும் இல்லை. தேசபக்தி மட்டும்தான் காரணம் என்று எழுதுபவர்களையும் எனக்குப் பிடிக்காது, வயிறு மட்டும்தான் காரணம் என்பவர்களையும் பிடிக்காது. இரண்டும் ஒரே உடம்பில் இருந்திருக்கும்.

இவர்களுக்கு ஹிந்துஸ்தானி தெரியாது. ஐ.என்.ஏ.வில் ஆணைகளும் பாடங்களும் ஹிந்துஸ்தானியில். அதையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கற்றுக்கொடுத்தார்கள். பல தோட்டத்து ஆட்களுக்கு அந்த எழுத்தும் தெரியாது. போஸ் பேச்சை மேடையிலேயே தமிழில் மொழிபெயர்ப்பார்கள். ஆனால் பாட்டை மேடைக்கு மேடை மொழிபெயர்க்க முடியாது. பாட்டு காதால் ஏற வேண்டும். வார்த்தை புரியாதவனும் இரண்டாம் முறை கூடச் சேர்ந்து பாடுகிற மெட்டாக இருந்தால்தான் ஏறும். ஜான்சி ராணிப் படைக்கு ராம் சிங் 'ஹம் பாரத் கி லட்கி ஹை' போட்டார். டாக்டர் லட்சுமி தலைமையில் அதில் சேர்ந்தவர்களில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். பால் வாளி தூக்கிய கையில் துப்பாக்கி, வாயில் புரியாத பாஷைப் பாட்டு. ராம் சிங்கின் மெட்டுகளை நான் மதிப்பது இந்த ஒரு கணக்கில்தான்: தாய்மொழி வேறான இத்தனை புலம்பெயர்ந்தவர்களை ஒரே காலில் நடக்க வைத்தாரா? வைத்தார். அதற்கு மேல் ஒரு படைப்பாட்டிடம் என்ன கேட்பது?

நம் இலக்கியத்தில் இந்தப் படையைத் தேடினால் ப. சிங்காரம் கிடைப்பார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டையும் கொண்டாடுகிறவன் நான். ஆனால் செல்லையாவும் பாண்டியனும் வட்டிக்கடைப் பையன்கள், எழுத்துத் தெரிந்தவர்கள், எதையும் வாதாடிப் பார்ப்பவர்கள். தோட்டத்து ஆள் உள்ளே இருந்து பேசும் நாவல் ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் காரணம். என் அப்பாருக்கு ஒரு அண்ணன். பெரிய அப்பாரு என்போம். சின்ன வயதில் மலாயா போனவர்; பேராக்கில் ஈப்போ பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பால் வெட்டினார். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். எடப்பாடிக்கு வந்து சாகும்வரை குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். எண்பதுகளில் நான் பள்ளிக்கூடப் பையன். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுப்பேன். அவர் நாடாவைத் தள்ளும்போது ஒரு பாட்டை முனகுவார். வார்த்தையாக எங்களுக்குக் கேட்டது "கதங்கதம், கதங்கதம்" மட்டும். தறிச் சத்தத்தைத்தான் கிழவர் வாயால் போடுகிறார் என்று நினைத்தோம். அக்கா அவருக்கு 'கதங்கதம் தாத்தா' என்று பெயர் வைத்தாள். முனகல் ரொம்ப மெதுவாக இருக்கும். சாதா நெசவுக்கு இரண்டு மிதி. வலது கால், இடது கால், மாற்றி மாற்றி. மிதிக்கு ஒரு 'தம்'. அந்த வேகத்தில் அது தாலாட்டு மாதிரியும் இருக்கும், ஒப்பாரி மாதிரியும் இருக்கும்.

பின்னால், காலேஜ் படிக்கும்போது, டி.வி.யில் குடியரசு தின அணிவகுப்பு. பேண்டு திரும்பி ஒரு பாட்டை எடுத்தது. எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று இருந்தது, பிடிபடவில்லை. சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசையும்போது திடீரென்று பிடிபட்டது. அதே பாட்டு, இரண்டு மடங்குக்கும் மேல் வேகத்தில். பெரிய அப்பாரு அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

அவர் ஐ.என்.ஏ.வில் இருந்தாரா, தோட்டத்தில் வந்து பாடியவர்களிடம் கேட்டாரா, எனக்குச் சொல்ல யாரும் இல்லை. "கேம்ப்புல இருந்தேன்" என்று அவர் சொன்னதாக அப்பாவுக்கு ஞாபகம். எந்தக் கேம்ப் என்று யாரும் கேட்கவில்லை. 1972-ல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தது. அதற்குச் சிறைச் சான்றோ கூட இருந்த கைதியின் சான்றோ காட்ட வேண்டும். அவர் மனுவே போடவில்லை. அவரிடம் இருந்த ஒரே சான்று ஒரு மெட்டின் முதல் இரண்டு அடி. அதை எந்த மேசையில் வைப்பது?

ராம் சிங்குக்குக் காகிதம் இருந்தது. ரங்கூன் விழுந்த பிறகு கைதியாகி, டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டு, 1946-ல் விடுதலையானார். 1947-ல் செங்கோட்டையில் கொடியேற்றத்தின்போது வாசிக்க அவருக்கும் அவர் குழுவுக்கும் அழைப்பு வந்தது. அடுத்து என்ன வேலை கொடுத்தார்கள்? உத்தரப் பிரதேச ஆயுதப்படைப் போலீஸ் பேண்டு. லக்னோவில். மறுபடி பேண்டு மாஸ்டர். 2002 ஏப்ரல் 15-ல் இறக்கும்வரை அந்த ஊர்தான். சிலர் இதை அவமதிப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேண்டுக்காரருக்கு பேண்டு கிடைத்தது. அவமதிப்பு என்று எழுதுகிறவர்களுக்கும் பேண்டு என்பது தாழ்ந்த வேலை, அவ்வளவுதான்.

தேசிய கீதம் பற்றிய முடிவில் படையின் பங்கு எதுவுமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 1947-ல் நியூயார்க்கில் ஐ.நா. சபையில் நம் கீதம் கேட்டபோது ஜன கண மன ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கப்பட்டு எல்லோருக்கும் பிடித்துப்போனதாக 1948 ஆகஸ்ட்டில் நேரு சபையில் சொன்னார். பேண்டுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அது பொருந்துகிறது என்பது அவருடைய முக்கியமான வாதம். வழிபாட்டுப் பாட்டு ஒன்று படைநடைக்கும் தாங்கும் என்று அதற்கு நான்கு வருஷம் முன்பே சிங்கப்பூரில் ஒருவர் செய்து காட்டியிருந்தார். 1950 ஜனவரி 24-ல் கீதம் ஏற்கப்பட்டது. 52 விநாடி. நாம் நேராக நின்று கேட்கிற பாட்டை அவர் நடந்துகொண்டே பாட வைத்தவர். ராம் சிங்கைப் புகழ வேண்டும் என்றால் இந்த அளவில் புகழலாம்.

போன மாதம் இதையெல்லாம் எழுதுவதற்கு முன் எங்கள் ஊர் பேண்டு மாஸ்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அப்பாவும் பேண்டு, தாத்தாவும் பேண்டு. தைப்பூசத்துக்கு எடப்பாடிக் காவடி பழனிக்கு நடக்கும்போது ஊர் எல்லைவரை வாசித்துக்கொண்டு போகிறவர். சின்ன ரூம், சுவரெல்லாம் கோட்டுகள், மூலையில் பெரிய டிரம். போனில் பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்.

"இது நடக்கறதுக்குன்னே போட்ட பாட்டுங்க. உக்காந்து போட்டதில்ல. நடந்து பாத்துப் போட்டிருக்காருங்க" என்றார்.

தேசிய கீதச் செய்தி அவருக்கும் வந்திருந்தது. மெட்டு அவருடையது இல்லை, பேண்டுக்கு ஏற்றியதுதான் அவர் என்றேன். சிரித்தார். "ஏத்தறதுதானுங்களே வேல? சினிமாக்காரர் மெட்டு எல்லார்கிட்டயும் இருக்குது. அதத் தெருவுல அம்பது பேர் கால் மாறாம கேக்கற மாதிரி எறக்கோணுமில்லீங்க. எந்த எடத்துல டிரம்பெட்டு விடோணும், எங்க கிளாரினெட்டு தனியாப் போகோணும், எங்க எல்லாம் நின்னு டிரம்மு மட்டும் பேசோணும். அது ஒருத்தன் இருந்து பண்ணோணும்."

கிளாரினெட்டை எடுத்து முதல் அடியை வாசித்தார். பையன் சைடு டிரம்மில் சேர்ந்துகொண்டான். சரியான வேகத்தில், சுவரில் தொங்கிய கோட்டுப் பித்தான்களெல்லாம் அதிர்ந்தன. நான் பெரிய அப்பாரு கதையைச் சொல்லி, கொஞ்சம் மெதுவாக, தறி மிதிக்கிற வேகத்தில் வாசிக்க முடியுமா என்று கேட்டேன்.

"வாசிக்கலாமுங்க. ஆனா இந்தப் பாட்டு மாதிரி இருக்காதுங்களே" என்றார்.

பரவாயில்லை என்றேன். பையனை டிரம்மை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, மெதுவாக வாசித்தார். இரண்டாவது அடி முடிந்ததும் நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அதற்கு மேல் பெரிய அப்பாரு முனகி நான் கேட்டதில்லை.